பார்க்காமல் சொல்ல வேண்டிய செபம்

பாவம் செய்ய யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செய்ததைச் சொல்வதற்குத்தான் டீச்சர் தேவைப்படுகிறார். ஆலங்குடிப் பக்கம் எங்கள் கோயிலில் அந்த டீச்சர் நான். புதுநன்மை என்னும் முதல் நற்கருணை வாங்கப் போகும் பிள்ளைகளை, ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லும் முதல் பாவசங்கீர்த்தனத்துக்குத் தயார் செய்வது பன்னிரண்டு வருடமாக என் ஞாயிற்றுக்கிழமை வேலை. பாவத்துக்காக வருந்திச் சொல்லும் மனத்துயர் செபத்தைக் கையைக் கட்டிக்கொண்டு, புத்தகத்தைப் பார்க்காமல் சொன்னால்தான் பாஸ்.

பிள்ளை பெற்றவர்கள் எல்லோரும் என் கட்சி என்பதால் உங்களிடம் சொல்கிறேன். இந்த வருடம் என் மகன் ஜெரினும் வகுப்பில் இருந்தான். ஆனால் என்னோடு பேசுவதில்லை. செல்போன் கண்ணாடியை உடைத்தான் என்று அடித்ததிலிருந்து, எது கேட்டாலும் "ம்" மட்டும்தான்.

அம்மா கையெழுத்து

செய்த பாவங்களை ஒத்திகைக்காக எழுதி வரச் சொல்வேன். ஒரு பெண் பிள்ளை இரண்டு பக்கம் கொண்டுவந்தாள். எல்லாம் முத்து முத்தான பெரியவர் எழுத்து. "அம்மா சொல்வதைக் கேட்பதில்லை. இட்லி என்றால் முகத்தைச் சுளிப்பது. அத்தையைப் போலவே வாயாடுவது."

வாசலில் நின்ற அம்மாவைக் கூப்பிட்டு, "அவள் பாவத்தை அவள்தானே எழுதணும்?" என்றேன்.

"அவ பாவம் அவளுக்கு எங்கிட்டுத் தெரியும் டீச்சர்? வளக்குற எனக்குல்ல தெரியும்."

வெளிநாட்டுப் பாவம்

பெற்றோர் கூட்டத்தில் ஃபாதர், "பிள்ளைகளுக்கு முந்தி நீங்கள் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். வீட்டில் பார்த்துத்தான் பிள்ளை கற்றுக்கொள்கிறது" என்றார். கூட்டத்தில் பாதிப் பேர் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

துபாயில் வேலை பார்க்கும் ஒருவர் மனைவியின் போனில் வீடியோ காலில் கலந்துகொண்டிருந்தார். "நான் இப்படியே சொல்லிரவா ஃபாதர்?" என்றார். நேரில்தான் செய்ய வேண்டும் என்று ஃபாதர் சொல்ல, அவர் முகம் வாடிவிட்டது. போனைப் பிடித்திருந்த மனைவி ஆறுதலாகச் சொன்னார்:

"அவரு வராட்டிப் பரவால்ல ஃபாதர். அவரு பாவத்தை நானே சொல்லிர்றேன், எனக்கு எல்லாம் தெரியும்."

ஆறு பேர், ஒரே முந்திரிப்பழம்

ஒரே பெஞ்சில் ஆறு பையன்கள். ஆறு பேப்பரிலும் "தோப்பில் முந்திரிப்பழம் திருடினேன்". இப்படிக் கூட்டுக் கொள்ளை நடந்தால் ஊருக்குத் தெரியாமலா இருக்கும்? விசாரித்ததில் திருடியது ஒருவன்தான். மற்றவர்களுக்கு எதுவும் ஞாபகம் வராததால் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

"செய்யாததைச் செய்தேன் என்று எழுதுவது பொய் இல்லையா?" என்று அதட்டினேன். கடைசியில் உட்கார்ந்திருந்தவன் முகம் மலர்ந்தது.

"அப்ப பொய் சொன்னேன்னு எழுதிக்கிர்றேன் டீச்சர், எனக்கும் ஒன்னு கெடச்சிருச்சு."

என் வீட்டுப் பிள்ளை

செல்போன் கண்ணாடியை உடைத்தது ஜெரின் இல்லை. அடித்த மூன்றாம் நாளே என் வீட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டே, "அது என் கையிலருந்துதான் விழுந்துச்சு" என்று சொல்லிவிட்டார். தெரிந்தும் நான் மகனிடம் போகவில்லை. பெற்றவள் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் அப்புறம் மதிப்பானா என்று நினைத்தேன். அந்த வாரம் வகுப்பில் செய்த பாவத்துக்கு மனம் வருந்துவதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியதும் இதே வாய்தான்.

ஒத்திகையில் அவன் பேப்பரில் ஒரே வரி இருந்தது: "எனக்கு ஒருத்தர் மேல் கோபம், போகவே மாட்டேங்குது." வகுப்பில் டீச்சரிடம் பேசலாம் என்று முடிவு செய்தானோ என்னவோ, எழுந்து நின்று, "மன்னிப்புக் கேக்காதவங்களையும் மன்னிக்கணுமா டீச்சர்?" என்றான். "கட்டாயம்" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை பிள்ளைகளுக்குப் பின்னால் நானும் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். ஃபாதர் என்ன சொன்னார் என்பது எனக்கும் அவருக்கும் இடையில். வெளியே வந்ததும் நேரே மகனிடம் போனேன். "நீ ஒடைக்கலன்னு எனக்குத் தெரியும்டா. தெரிஞ்சும் சொல்லாம இருந்தேன். அம்மாவை மன்னிச்சிரு" என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"சரி, மன்னிச்சிட்டேன். இப்ப கையைக் கட்டிக்கிட்டு, மனத்துயர் செபத்தைப் பாக்காம சொல்லுங்க டீச்சர்."

பன்னிரண்டு வருடமாக நடத்திய பாடத்தில் நான் பாஸானது அன்றைக்குத்தான், அதுவும் இரண்டாவது வரியில் மகன் அடியெடுத்துக் கொடுத்து.