குட்டையில் முதலை இல்லை

எங்கள் தெருப் பால்வாடியில் முட்டை போடும் நாட்களில் அமிர்தக்கா யாரையும் நம்பமாட்டார். ஒவ்வொரு முட்டையையும் தானே உரித்துக் குழந்தையின் கையில் கொடுப்பார். கடைசி வாய் உள்ளே போகும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். "வூட்டுக்கு எடுத்துட்டுப் போறேன் ஆயாம்மா" என்று ஏதாவது ஒன்று கேட்டால், "இங்க தின்னாத்தான் முட்டை. எடுத்துட்டுப் போனா வழியில கல்லாயிடும்" என்பார். கறாரான ஆயா என்று அவருக்குப் பேர்.

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகளுக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் தெரு. பெண்களில் பாதிப்பேர் காலையில் குழந்தைகளை அமிர்தக்காவிடம் விட்டுவிட்டு, பொம்மைக்கு வர்ணம் பூசவோ கோப்பைகளை வைக்கோலில் சுற்றிப் பெட்டியில் அடுக்கவோ போகிறவர்கள். தெரு முடியும் இடத்தில் ஒரு பள்ளம். எப்போதோ களிமண் வெட்டி எடுத்தது. ஐப்பசி மழைக்கு நிறைந்தால் பங்குனிவரை வற்றாது. குட்டை என்போம்.

அதில் முதலை இருக்கிறது என்பது இங்கே பிறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லப்படுவது. சிதம்பரம் பக்கத்து ஆற்றில் முதலை உண்டு என்பது பெரியவர்களுக்குத் தெரியும். அதில் ஒன்றைக் கொண்டுவந்து இங்கே போட்டுவிட்டால் வேலி கட்டும் வேலை மிச்சம். நானும் அந்த முதலைக்குப் பயந்து வளர்ந்தவள்தான்.

மூன்று வருடங்களுக்கு முன் ஓர் ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு மாலை, ஜெயஸ்ரீ அக்காவின் மகன் கார்முகில் அந்தக் குட்டையில் மூழ்கிப் போனான். ஐந்து வயது. முதலில் ஓடிப்போய்ப் பார்த்தது அமிர்தக்கா. பையன் ஏன் அங்கே போனான் என்று தெருவே பேசியது. பந்து விழுந்திருக்கும், தட்டான் பிடிக்கப் போயிருப்பான் என்றார்கள். அமிர்தக்கா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வருட மார்கழியில் அவர் பால்வாடி டீச்சரிடம் போய், பிள்ளைகளைக் குட்டைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றார்.

"உனக்குப் பைத்தியமா அமிர்தம்? போன வருசம்தான் ஒரு உசுரு போச்சு."

"அதனாலதான் டீச்சர். என்னா இருக்குதுன்னு நம்மளே காட்டிடணும்."

கூட இன்னொரு பெரிய ஆள் வரவேண்டும் என்று டீச்சர் சொன்னார். நான் பட்டம் முடித்துவிட்டு, தேர்வு எழுதிக்கொண்டும் முடிவுக்குக் காத்துக்கொண்டும் வீட்டில் இருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வரை போன முதல் ஆள். இந்தப் படிப்பை வைத்துக்கொண்டு யாருக்கு என்ன செய்யப்போகிறேன் என்று தெரியாமல் இருந்த நேரம். அதனால் நான் போனேன்.

அமிர்தக்கா ஒரு பழைய நூல்புடவையை முறுக்கி, முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். ஆளுக்கொரு முடிச்சு. முன்முனை அவர் கையில், பின்முனை என் கையில். மார்கழி, தை இரண்டு மாதமும், பனி விலகும் நேரத்தில், தலையில் குல்லாவும் துண்டுமாக அந்த ஊர்வலம் போகும். கரைக்கு நாலடி முன்னாலேயே நிறுத்திவிடுவார். "யாரு முடிச்ச வுட்டாலும் எல்லாரும் திரும்பிடுவோம்" என்பார். யாரும் விடமாட்டார்கள்.

அங்கிருந்தே பார்ப்பார்கள். முள்செடியில் சிலந்தி வலை, அதில் கோத்தாற்போலப் பனி. ஈரக் களிமண்ணை உருண்டை பிடித்துத் தூக்கிப்போகும் குளவி. குளிர்காலத்துக்கு மட்டும் எங்கிருந்தோ வந்து வாலை ஆட்டிக்கொண்டே ஓடும் சின்னக் குருவி. ஒருநாள் எருமை ஒன்று மூக்கில் புகைவிட்டுக்கொண்டு நின்றது. "ஆயாம்மா, எருமை பீடி குடிக்குது" என்றான் ஒருவன். "உங்க அப்பனப் பாத்துக் கத்துக்கிட்டிருக்கும்" என்றார் அமிர்தக்கா.

பிறகு ஒரு நீள மூங்கிலைத் தண்ணீருக்குள் விடுவார். அது முழுதும் உள்ளே போகும். "பாத்தீங்களா? ஆயாவே இதுல நின்னா தலை தெரியாது. தண்ணிதான் இருக்குது. வேற ஒண்ணும் இல்ல."

இந்த வருடம் கார்முகிலின் தங்கை மதிவதனி பால்வாடிக்கு வந்தாள். நாலு வயது. "எல்லாத்துக்கும் வுடுறேன். குட்டைப் பக்கம் மட்டும் கூட்டிட்டுப் போகாதீங்க" என்று ஜெயஸ்ரீ அக்கா சொல்லியிருந்தார். அதில் யார் என்ன பேச முடியும்? நாங்கள் புறப்படும்போது மதி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். என் பக்கத்து முடிச்சு காலியாகவே போய்வரும்.

பொங்கல் முடிந்த வாரம் ஒருநாள் திரும்பி வந்தபோது, அவள் ஓடிவந்து அமிர்தக்காவின் புடவையைப் பிடித்தாள்.

"ஆயாம்மா, முதலையப் பாத்தீங்களா? அதுக்குப் பசிக்குமா?"

அமிர்தக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம், "என்கூட வா. தனியாப் போனா பாதியில திரும்பிடுவேன்" என்று என்னை அழைத்தார்.

ஜெயஸ்ரீ அக்கா அப்போதுதான் பட்டறையிலிருந்து வந்து, நகத்தில் ஒட்டிய வர்ணத்தை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். மதி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா. டீ போடட்டுமா?"

"வேணாம் ஜெயஸ்ரீ. நான் சொல்றத கேட்டுட்டு வெளிய போன்னாலும் போயிடுறேன்." அமிர்தக்கா நின்றுகொண்டே சொன்னார். "முகிலு சும்மா போவல. முதலையப் பாக்கப் போனான். முதலை என்னா திங்கும்னு அன்னிக்குக் காலையில என்னைக் கேட்டான். முட்டை அவிச்சிக்கிட்டிருந்த அவசரத்துல, முட்டை திங்கும் போடான்னேன். நான் போய்ப் பாக்கறப்ப கரையில ஒரு பூவரச இலை. அதுமேல அவன் முட்டை, வூட்டுக்குன்னு எடுத்துட்டுப் போனது. உரிக்கக்கூட இல்ல. நான்தான் எடுத்து மறைச்சிட்டேன்."

ஜெயஸ்ரீ அக்கா துடைப்பதை நிறுத்தவில்லை. சுத்தமாகிவிட்ட விரலையே துடைத்துக்கொண்டிருந்தார்.

"அதுக்குப் பசிக்குமான்னு என்கிட்டயும் கேட்டான்க்கா," என்றார் கடைசியில். "ஆமா, பசியோடதான் கெடக்குது, அங்க போனா உன்னைத்தான் திங்கும்னேன். முதலை பாவம்னு நெனச்சிக்கிட்டான் போல. நான்தான் அனுப்பிவுட்டேன்னு இருக்கேன், இத்தினி நாளா."

"இப்பவும் மதிகிட்ட அதத்தான் சொல்றியா?"

"வேற என்னாத்தச் சொல்லி நிறுத்துறது? அண்ணன் அதுல செத்தான்னு சொல்லட்டுமா, நாலு வயசுப் புள்ளகிட்ட?"

நாலு வயதுக்கு எவ்வளவு உண்மை தாங்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. பயம் காட்டினால் குழந்தை விலகிப்போகும் என்று நாங்கள் எல்லோரும் எப்படி அவ்வளவு நிச்சயமாக இருந்தோம் என்பதும் தெரியவில்லை.

"மதியும் பசிக்குமான்னுதான் கேக்குறா," என்றார் அமிர்தக்கா.

ஜெயஸ்ரீ அக்காவின் கை அப்போதுதான் நின்றது.

இரண்டு நாள் கழித்து அவர் பட்டறைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு மதியோடு வந்தார். மதி காலி முடிச்சைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் என் கையிலிருந்த முனையை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். குட்டைமேல் பனி இன்னும் கலையாமல் இருந்தது. அந்த ஐப்பசிக்குப் பிறகு அவர் அங்கே வருவது அதுதான் முதல் தடவை.

அமிர்தக்கா மூங்கிலைத் தண்ணீருக்குள் விட்டார். அது முழுதும் போயிற்று.

"முதலை எங்கம்மா?" என்றாள் மதி.

"இல்ல பாப்பா. அம்மா பொய் சொன்னேன். தண்ணிதான் இருக்குது. ரொம்ப ஆழம்." மதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அண்ணன் இதுலதான் முழுவிட்டான்."

மதி மூங்கிலையும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பனிக்குள்ளிருந்து ஒரு கொக்கு எழும்பி எதிர்க்கரைக்குப் போயிற்று. பிள்ளைகள் தலையைத் திருப்பினார்கள், முடிச்சை விடாமல்.

அன்று முட்டை போடும் நாள். அமிர்தக்கா மதியின் முட்டையை மட்டும் உரிக்காமல் ஜெயஸ்ரீ அக்காவின் கையில் வைத்தார். அவர் நிதானமாக உரித்தார். பாதி தின்றதும் மதி மீதியைக் கைக்குள் மூடினாள்.

"கொக்குக்கு."

அமிர்தக்கா வாயெடுத்தார். அதற்குள் ஜெயஸ்ரீ அக்கா மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"அதுக்கு வேணும்னா அதுவே தேடிக்கும். நீ தின்னு."

மதி தின்று முடிக்கும்வரை இரண்டு பேரும் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள்.