தனம் எழுதிய மாதிரித் தேர்வுகள்

கல்லூரியிலிருந்து திருப்பாலைவனத்துக்குத் திரும்பும் பேருந்தில் இருந்தபோது தனத்தின் கணவர் ஏழுமலை அண்ணனின் அழைப்பு வந்தது. "டீச்சர், தனம் பூட்டா" என்றார். பிறகு, "நீங்க மெதுவா வாங்க, அவசரம் ஒண்ணும் இல்ல" என்றார். புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்தே அவளை அறிந்த எல்லோரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்த செய்திதான். அன்றைக்கு வரும் என்று மட்டும் நான் நினைக்கவில்லை.

பழவேற்காட்டில் ஒரு தனியார் பள்ளியில் நாங்கள் இருவரும் கணக்கு ஆசிரியைகளாக இருந்தோம். ஏரிக்கு அந்தப் பக்கம், கடலோரக் குப்பத்திலிருந்து தனம் தினமும் படகில் வருவாள். நான் நெல் விளையும் ஊர்க்காரி, அவள் மீன்பிடிக்கிற வீட்டு மருமகள். இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு ஒருநாள், "எம்.சி.ஏ. படிக்கலாம்னு இருக்கேன். நீயும் வாடி" என்றாள். நுழைவுத் தேர்வில் நல்ல இடம் பிடித்தால்தான் அரசுக் கல்லூரி. அது கிடைக்காவிட்டால் படிப்பே கிடையாது. ஒரே ஒரு தடவை எழுதிப் பார்க்க அவள் வீட்டில் சம்மதித்திருந்தார்கள்.

பொன்னேரியில் ஒரு பயிற்சி மையத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்தோம். முதல் மாதிரித் தேர்வின் மதிப்பெண்களைச் சுவரில் ஒட்டினார்கள். தனத்தின் பெயர் கடைசியில் இருந்தது. மையத்தை நடத்தியவர், "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா" என்று இதமாகத்தான் சொன்னார். திரும்பும் பேருந்தில் மீன் விற்றுவிட்டு வந்த அவள் ஊர்ப் பெண் ஒருத்தி, "இன்னா தனம், பரிச்ச எப்டி?" என்று கேட்டாள்.

"நான்தான்கா கடைசி."

"அய்ய, அத்த இப்டி சத்தமாவா சொல்லுவ?"

"மெதுவா சொன்னா மார்க்கு ஏறிடுமா?"

பேருந்தே சிரித்தது. அவளும் சிரித்தாள். முகத்தை மட்டும் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் உணவு இடைவேளையில் வினாத்தாளை விரித்து வைத்துக்கொண்டு, தவறாய்ப் போன ஒவ்வொரு கணக்கையும் மறுபடி போட்டாள். பாடமே தெரியாமல் விட்டவை கொஞ்சம். கேள்வியைச் சரியாகப் படிக்காமல் விட்டவைதான் நிறைய. சதவீதம், விகிதம் என்று வகுப்பில் அவள் தினமும் நடத்துகிற கணக்குகள். "தெரிஞ்சதுலதான்டி போயிருக்கு" என்றாள். அவள் குரலில் எரிச்சலைவிட நிம்மதி அதிகமாக இருந்தது. புதுப் புத்தகம் எதையும் தொடவில்லை. மாலையில் ஏழுமலை அண்ணன் வலைக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருக்கும்போது எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு கணக்கையும் வாய்விட்டு அவருக்கு விளக்குவாள். நான் போயிருந்த ஒரு நாள் அவர் அப்படியே கண் அசந்துவிட்டார். "யோவ், கேளுய்யா. நீ தூங்குனா நான் சரியா சொல்லலன்னு அர்த்தம்" என்று உலுக்கினாள். "இல்ல தனம், கடல்லேர்ந்து வந்தவன் தூங்குறான்னு அர்த்தம்" என்றார் அவர்.

இரண்டாவது மாதிரித் தேர்வில் மதிப்பெண் இன்னும் குறைந்தது. இந்த முறை போட்டதெல்லாம் சரி. ஆனால் ஒவ்வொரு கேள்வியையும் அவ்வளவு கவனமாகப் படித்ததில், வினாத்தாளில் பாதியைக்கூடத் தாண்டவில்லை. மாமியார், "ரெண்டாந்தபாவும் கம்மியாமே? போதும் வுடும்மா" என்றாராம். பழவேற்காட்டிலிருக்கும் பழைய டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்து மர நிழலில்தான் நாங்கள் படிப்போம். அங்கே அன்றைக்கு முதலும் கடைசியுமாக அவள் அழுததைப் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். "ஒரு கணக்குலயே நான் மாட்டிக்கினு நின்னா, வுடுன்னு சொல்லு" என்றாள்.

"வுடு தனம்."

"இருடி, வந்துடும்."

"வுடு!"

"நாசமாப் போற. இதோ முடிஞ்சிச்சு."

வராத கணக்கை விட்டு அடுத்ததற்குப் போவது அவளுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. ஆரம்பித்ததைப் பாதியில் விடுவது அவள் பழக்கமே இல்லை. வாரக்கணக்கில் என்னைத் திட்டித் திட்டித்தான் கற்றுக்கொண்டாள். அடுத்தடுத்த மாதிரித் தேர்வுகளில் சுவரிலிருந்த பட்டியலில் அவள் பெயர் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. ஒரேயடியாக அல்ல, நடுவில் ஒரு முறை சறுக்கவும் செய்தது.

உண்மையான தேர்வு சென்னையில். புயல் எச்சரிக்கை இருந்ததால் முந்தின நாளே ஏரியைக் கடந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். தேர்வு முடிந்து வெளியே வந்ததும், "நெறைய வுட்டுட்டேன்டி" என்று பெருமையாகச் சொன்னாள். அவளுக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை.

முடிவு வந்த மறுநாள் அவளும் ஏழுமலை அண்ணனும் ஒரு கூடை நண்டோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றார்கள். யாரிடமும் முகம் கொடுக்காமல் நான் உள்ளறையில் படுத்திருந்தேன். தனம் நேராகச் சமையலறைக்குப் போய் என் அம்மாவோடு நண்டைச் சுத்தம் செய்ய ஆரம்பித்துவிட்டாள். தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு ஆறுதலும் சொல்லவில்லை. சாப்பிட்டு முடிக்கும்வரை குப்பத்துக் கதைகளைச் சொல்லிச் சிரிக்கவைத்தாள். கிளம்பும்போதுதான், "ஞாயித்துக்கெழம வரேன். கடிகாரம் நான் புடிக்கிறேன்" என்றாள். விடியலில் படகேறி, பேருந்து மாறி, ரயில் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தவள், தனக்கிருந்த ஒரே விடுமுறை நாளை அந்த வருடம் முழுக்க எனக்குக் கொடுத்தாள். அடுத்த ஆண்டு நானும் சேர்ந்தேன். பின்னாளில் இருவரும் விரிவுரையாளர்களானோம், வேறு வேறு கல்லூரிகளில்.

இதைப் படிக்கிற உங்களில் அவளிடம் கணக்குப் படித்தவர்கள், அவளோடு வேலை பார்த்தவர்கள், அவளைப் பற்றிச் சொல்ல என்னைவிட அதிகம் வைத்திருப்பீர்கள். என்னிடம் இருப்பது அந்த நண்டுக் குழம்பு நாள்தான். தோற்றுப்போன ஒருவர் வீட்டுக்கு எப்படிப் போக வேண்டும் என்று அன்றைக்கு அவளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இன்றும் எனக்கு வேண்டியவர்களுக்குக் கெட்ட செய்தி வந்தால், என்ன சொல்வது என்று யோசிக்காமல் கிளம்பிவிடுகிறேன். தனத்தின் பதினாறாம் நாள் முடிந்து எல்லோரும் போன மறுநாளும் அப்படித்தான் செய்தேன். படகில் போய் இறங்கி, அவள் வீட்டு அடுப்பைப் பற்றவைத்து, ஏழுமலை அண்ணனுக்கு உலை வைத்தேன்.