எங்கள் வீட்டுத் துவக்கு

எனக்குப் பொறுமை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்ததாக இருக்க வேண்டாம். கேத்தல் கொதிக்கும் வரை நிற்க மாட்டேன். லிஃப்ட் பொத்தானை நாலு தரம் அமத்துவேன். யாராவது கதை சொல்ல வந்தால் முடிவைச் சொல்லிவிட்டுத் தொடங்கச் சொல்வேன். அப்படிப்பட்ட நான், ஆறு குண்டு சுடுவதற்குப் பத்து நிமிடம் ஆயத்தம் செய்ய வேண்டிய ஒரு ரிவோல்வரை ஆசையாக வைத்திருந்தேன் என்றால் என் அக்காவே இன்றைக்கும் நம்புவதில்லை. "உனக்கோ? தேத்தண்ணியையே ஆற விடமாட்டாய் நீ," என்பாள்.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது, ஊரில் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். நான் லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில், ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தேன். மருந்துச்சீட்டை வாங்கி, குளிசைகளை எண்ணிப் பையில் போட்டுக் கொடுக்கிற வேலை. என்னோடு நின்றவள் ஒரு வேல்ஸ்காரி. என் வயதுதான், நாற்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு திங்கட்கிழமை அவளுடைய விரல் நுனிகள் கறுத்துக் கிடந்தன. அடுப்புத் துடைத்தாயா என்று கேட்டேன். துப்பாக்கிக்குப் போடுகிற கருமருந்து என்றாள். லண்டன் முடிந்து எசெக்ஸ் தொடங்குகிற இடத்தில் ஒரு சுடுகிற கிளப் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் விருந்தாளிகளையும் விடுவார்கள், வந்து பார் என்றாள். எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. துவக்குக்குப் பயந்து கடல் தாண்டி வந்த சனம் நாங்கள், அதை இங்கே தேடிப் போய்ப் பிடிப்பதா? ஆனால் புதினம் பார்க்கிற குணம் என்னை ஒருநாளும் விட்டதில்லை. போனேன்.

இந்த நாட்டில் சாதாரணக் கைத்துப்பாக்கிகளை அப்போதே தடை செய்திருந்தார்கள். தப்பிப் பிழைத்தது, தோட்டா போடாமல் கையால் மருந்து நிரப்பிச் சுடுகிற பழைய மாதிரி மட்டும். அதன் உருளையில் ஆறு குழிகள். ஒவ்வொரு குழியிலும் முதலில் அளந்த கருமருந்து, அதன்மேல் ஒரு சின்னக் கரண்டி ரவை. ஓம், உப்புமா கிண்டுகிற அதே ரவைதான், மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் இடைவெளி இல்லாமல் நிரப்புவதற்கு. அதன்மேல் ஈயக்குண்டை வைத்து இறுக்கி, கிரீஸ் பூசி, பின்பக்கத்தில் பொட்டுவெடி மாதிரி ஒரு சின்னச் செப்புத் தொப்பியைச் செருக வேண்டும். ஆறு குழிக்கும் இதே சீர்தான். அதற்குப் பிறகும் விசையை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. ஒவ்வொரு வெடிக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிற ஹாமரைப் பெருவிரலால் இழுத்து நிமிர்த்த வேண்டும். அப்போதுதான் உருளை ஒரு குழி சுற்றி வந்து நிற்கும்.

என் முதல் வெடியில் எழுந்த வெள்ளைப் புகையில் இலக்கு அட்டை, வேல்ஸ்காரி, எசெக்ஸ் எல்லாம் மறைந்துபோயின. கோயில் திருவிழாவில் வாணம் விட்ட மணம். புகை விலகும் வரை நிற்கத்தான் வேண்டும், வேறு வழி இல்லை. விலகியபோது, இருபத்தைந்து மீற்றர் தள்ளியிருந்த அட்டையின் ஓரத்தில் ஓர் ஓட்டை தெரிந்தது. ஐயோ, நான் துள்ளின துள்ளல்! துவக்கை மேசையில் வைத்துவிட்டுத்தான் துள்ளினேன், அந்த மட்டுக்கு ஒழுங்கு இருந்தது.

எனக்கு அதில் பிடித்தது அதன் பிடிவாதம். அவசரப்பட்டால் மருந்து சிந்தும். அவசரப்பட்டால் தொப்பி கழன்று விழும். அவசரப்படாதே என்று எனக்குச் சொல்லிச் சொல்லி அம்மா தோற்றார், பள்ளிக்கூடத்து ரீச்சர்மார் தோற்றார்கள். இந்த இரும்புத்துண்டு வாய் திறவாமலே என்னை வென்றது. ஹாமரை இழுக்கும்போது உள்ளே ஏதோ பூட்டிக்கொள்கிற சத்தம் பெருவிரலில் கேட்கும். அந்தச் சத்தத்துக்குப் பிறகு குளிசையும் இல்லை, கடை வாசலில் நிற்கிற வரிசையும் இல்லை. வாரத்தில் ஒரு நாள் என் தலைக்குள் அமைதியாக இருந்தது. அதை நான் விரும்பினேன், ஏன் மறைக்க வேண்டும்?

கிளப்பில் மாதக்கணக்கில் பழகி, பிறகு பொலிஸிடம் அனுமதிக்கு எழுத வேண்டும். என்னைத் தெரிந்த இரண்டு பேர் எனக்காகக் கையெழுத்து வைக்க வேண்டும். ஆர்ச்வே முருகன் கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை நான் கேட்டுப் பார்த்தேன். நெடுநாள் பழக்கமான ஒருத்தி கையில் இருந்த விபூதியைக்கூடப் பூச மறந்து, "அக்கா, வேற என்ன உதவியெண்டாலும் கேளுங்கோ. பொலிஸ் கடுதாசியில என்ர பேர் மட்டும் ஏலாது," என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னைக் கண்டால் பிரகாரத்தை எதிர்ப்பக்கமாகச் சுற்றினாள். கடைசியில் மருந்துக்கடை முதலாளியும் எங்கள் பழைய வீட்டுக்காரரும் கையெழுத்து வைத்தார்கள்.

இனி என் கணவர். இந்தக் கதை அவருடையதுதான்.

அவர் ஒரு பெரிய குடோனில் ஷிப்ட் வேலை செய்தார். சத்தம் போட்டுப் பேச மாட்டார், என் சத்தமே இரண்டு பேருக்குக் காணும். பத்தொன்பது வயதில், ஊரில், ஒரு சுற்றிவளைப்பில் அவரை இராணுவம் பிடித்துக்கொண்டு போனது எனக்குத் தெரியும். அதைப்பற்றிக் கேட்டால், "பிடிச்சவங்கள், விட்டவங்கள்," என்பார். அடித்தார்களா என்றால், "சும்மா ரெண்டு தட்டு." பதினொரு வருடத் தாம்பத்தியத்தில் அந்தக் கதை அதற்குமேல் ஒரு சொல்லும் நீளவில்லை. ஆனால் நாங்கள் எந்த வீட்டில் இருந்தாலும் வாசற்கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி அடிப்பார். அதில் ஒரு துணிப்பை தொங்கும். எங்கள் பாஸ்போட்டுகள், குடியுரிமைக் கடதாசி, கவுன்சில் கடிதம், காஸ் பில், எல்லாம் அதற்குள். யாராவது கேட்டால் உடனே எடுத்து நீட்டுவதற்கு. இங்கே யார் கேட்கப் போகிறார்கள் என்று நான் எத்தனையோ தரம் சினந்திருக்கிறேன்.

ரிவோல்வர் வாங்கும் கதையை அவருக்குச் சொன்னேன். "உமக்கு விருப்பமெண்டா வாங்கும். என்னை அதுக்குக் கிட்ட வரச் சொல்லாதையும்," என்றார். அவ்வளவுதான். நானும் சொல்லவில்லை.

கருமருந்து சுட்ட துவக்கை அன்றைக்கே சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் துரு ஏறிவிடும். ஞாயிறு பின்னேரம் நான் வந்ததும் அவர் கேத்தலை நிரப்பிப் போட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவார். நான் கழுவித் துடைத்து, எண்ணெய் பூசி, மேலே இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டும் வரை, மழை என்றாலும் குடையோடு அங்கேயே நிற்பார். பூட்டிவிட்டு ஜன்னலில் தட்டுவேன், வருவார். ஆனால் பாருங்கள், ரவை வறுக்கிற வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டார். கடையில் வாங்கின ரவையை நான் பச்சையாகக் கொண்டுபோவதைக் கண்டவருக்குப் பொறுக்கவில்லை.

"வறுக்காத ரவையில பூச்சி பிடிக்கும். ஈரமும் இருக்கும். இப்பிடியே கொண்டு போறீர்?"

"இஞ்சாருங்கோ, அதைத் தின்னவே போறன்?"

"தின்னாட்டிலும் ஒரு முறை இருக்கெல்லோ?"

அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் பொன்னிறமாக வறுத்து, ஆற வைத்து, ஜாம் போத்தலில் போட்டு மூடி வைப்பார். ஈரமில்லாத ரவை உருளையில் மணல் போல ஓடும். வேல்ஸ்காரி தனக்கும் ஒரு போத்தல் கேட்டாள், பிறகு கிளப்பில் இன்னும் மூன்று பேர் கேட்டார்கள். கிளப் இருக்கிற திசையைக்கூடப் பார்க்காத மனிதருக்கு அதில் ஒரு பெருமை. "என்னவாம் சொல்லினம், ரவையைப் பற்றி?" என்று கேட்பார். சுட்டது எப்படி என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இரண்டு வருடம் இப்படி ஓடியது. பிறகு நாங்கள் இல்ஃபோர்டில் ஒரு வீட்டுக்கு மாறினோம். முகவரி மாறினால் பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும், அவர்கள் வந்து அலுமாரியைப் பார்ப்பார்கள். ஒரு புதன்கிழமை நாலு மணிக்கு ஓர் அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது. நான் அதை என் கணவருக்குச் சொல்லவில்லை. முந்தின வீட்டுக்கு அதிகாரி வந்தபோதும் அவர் ஷிப்டில் இருந்தார், இந்தத் தரமும் அவர் அறியாமலே முடிந்துவிடும், வீணாக ஏன் மனிதரின் நித்திரையைக் கெடுக்க வேண்டும் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். கெட்டிக்காரி என்ற நினைப்பு எனக்கு.

அந்தப் புதன்கிழமை அவருடைய ஷிப்ட் ரத்தாகி வீட்டுக்கு வந்துவிட்டார். நான் வந்த ரெயில், இல்ஃபோர்ட் ஸ்டேஷனுக்கு வெளியே, பிளாட்போம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருபத்தைந்து நிமிடம் நின்றது. இறங்கி ஓடவிட்டிருந்தால் ஓடியிருப்பேன்.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. ஹோலில் சாதாரண உடுப்பில் ஓர் உயரமான வெள்ளைக்காரர், கையில் ஃபைல். அவருக்கு முன்னால் இருந்த சின்ன மேசையில் எங்கள் பாஸ்போட்டுகள், குடியுரிமைக் கடதாசி, காஸ் பில் எல்லாம் வரிசையாக அடுக்கியிருந்தன. என் கணவர் சுவரோடு நின்றார். சேட்டின் கழுத்துப் பொத்தான் வரை பூட்டி, இரண்டு கைகளையும் மற்றவர் கண்ணுக்குத் தெரிய முன்னால் வைத்துக்கொண்டு நின்றார். அப்படி ஒரு நிலையில் அவரை நான் அதுவரை கண்டதில்லை.

"நோ கன், சேர்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். "நோ கன் ஹியர். யூ கேன் செக்."

அதிகாரி என்னிடம் திரும்பினார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. "உங்கள் கணவர் இந்த வீட்டில் துப்பாக்கியே இல்லை என்கிறார். நாலைந்து தரம் சொல்லிவிட்டார். என் ஃபைலில் ஒன்று இருக்கிறது. அது இப்போது எங்கே?"

மேலே கூட்டிப்போய் அலுமாரியைத் திறந்தேன். இலக்கத்தைச் சரிபார்த்தார், சுவரில் இறுக்கியிருந்த ஆணிகளை இழுத்துப் பார்த்தார், எல்லாம் சரி. ஆனால் ஃபைலை மூடவில்லை. துப்பாக்கி இருப்பதை மறைக்கிற ஒருவர், அல்லது அதற்கு இவ்வளவு பயப்படுகிற ஒருவர் வாழ்கிற வீட்டில் அதை விட்டுவிட்டுப் போகலாமா என்று தான் யோசிக்க வேண்டும், என் கணவரோடு பேச வேண்டும் என்றார்.

கீழே வந்தேன். கணவர் குசினியில் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டிருந்தார். சீனி மேசையில் கொட்டியிருந்தது.

"இஞ்சாருங்கோப்பா, பிழை என்ர. அவர் வாறார் எண்டு நான் சொல்லியிருக்கோணும். அவர் அதைக் கொண்டு போகட்டும். எனக்கு வேண்டாம்."

மனதாரத்தான் சொன்னேன். சொல்லும்போதே அதை இழக்க மனமில்லை. அதுவும் உண்மைதான். அவர் தட்டில் பிஸ்கட்டை அடுக்கி, எடுத்துக்கொண்டு போய் அதிகாரிக்கு முன்னால் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்தார்.

தன்னுடைய குடோன் இங்கிலீஷில், மெதுவாகச் சொன்னார். பத்தொன்பது வயதில் என்னைப் பிடித்தார்கள், சேர். துவக்கு எங்கே என்று கேட்டார்கள். எங்கள் வீட்டில் துவக்கு இல்லை. இல்லை என்றேன். அடித்தார்கள், திரும்பக் கேட்டார்கள். பதினாறு நாள். ஒவ்வொரு நாளும் அதே கேள்வி. நான் சொன்னது உண்மை, ஒருவரும் நம்பவில்லை. இன்றைக்கு நீங்கள் வாசலில் நின்று கேட்டதும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. இன்றைக்குச் சொன்னது பொய். மன்னிக்க வேண்டும்.

பதினாறு நாள். என் புருஷனின் கதையை நான் முதல்தரம் கேட்டது, யாரோ ஒரு பொலிஸ்காரருக்கு அவர் இங்கிலீஷில் சொல்லும்போது.

அதிகாரி கோப்பையை வைத்தார். "சரி, அப்படியென்றால் நான் திரும்பக் கேட்கிறேன்," என்றார். "இந்த வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?"

என் கணவர் என்னைப் பார்த்தார். பிறகு அதிகாரியை நேராகப் பார்த்தார்.

"யெஸ், சேர். தெயர் இஸ் எ கன். அப்ஸ்டெயர்ஸ். மை வைஃப்ஸ்."

சொல்லிவிட்டுக் கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அதிகாரி அதை எழுதினார். எழுதிவிட்டு ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார். வேறு ஒன்றும் நடக்கவில்லை.

அது இந்த வீட்டில் இருப்பது உங்களுக்குச் சம்மதமா, உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டார்.

"இருக்கட்டும்," என்றார் என் கணவர். "அது கடதாசிக்குத்தானே சுடுகிறது. அதற்கு ரவை வறுத்துக் கொடுக்கிறதே நான்தான்."

அதிகாரிக்கு அது விளங்கவில்லை. ஜாம் போத்தலைக் கொண்டுவந்து காட்டி, பூச்சி பிடிக்கிற விஷயத்திலிருந்து தொடங்கி விளக்கினார். அந்த மனிதர் பாவம், முழுவதையும் கேட்டார். பிறகு ஃபைலை மூடிக் கைகொடுத்துவிட்டுப் போனார்.

கதவைச் சாத்தியதும் நான் வெடித்தேன்.

"பதினாறு நாளோ? என்னட்டை ரெண்டு தட்டு எண்டெல்லோ சொன்னீங்கள்!"

"நாளுக்கு ரெண்டு எண்டு வையுமன்," என்று சிரிக்கப் பார்த்தார். நான் அழுதுகொண்டே அவருடைய கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டேன்.

"இருக்கு எண்டு சொன்னன்," என்றார்.

"ஓம், சொன்னீங்கள்."

"அடிக்கேல்லை, பாத்தீரே? பிஸ்கட் எடுத்துச் சாப்பிட்டவர்."

பிறகு மேசையில் கிடந்த பாஸ்போட்டுகளையும் கடதாசிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துத் துணிப்பைக்குள் வைத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கதவுப் பக்கம் போகவில்லை. பையை மேலே கொண்டுபோய், சீலை அலுமாரியின் அடித்தட்டில், குளிர்காலப் போர்வைகளுக்குக் கீழே வைத்துவிட்டு வந்தார். கதவுக்குப் பின்னால் அந்த ஆணி இப்போதும் இருக்கிறது. அதில் என் குடை தொங்குகிறது.