எதிர்வீட்டுப் புரொபசரும் எங்கள் வெள்ளிக்கிழமையும்

சாம்பிராணிப் புகை கதவின் அடியால் நழுவிப் போய், ஸ்காபரோவில் நாங்கள் இருந்த அடுக்குமாடியின் நடைவழியில் பழைய கம்பளத்தின் ஈர வாடையோடு கலந்து நிற்கும். அந்த மணத்தை வைத்தே இன்று வெள்ளிக்கிழமை என்று அந்தத் தளத்தில் எவரும் சொல்லிவிடலாம். அம்மாவுக்கு அதுவே பெரிய பயமாக இருந்தது. எங்களை அகதிகளாக ஏற்பார்களா, திருப்பி அனுப்புவார்களா என்ற "கேஸ்" அப்போது முடிந்திருக்கவில்லை.

எதிர்வீட்டில் ரூத் என்ற முதிய பெண்மணி தனியாக இருந்தார். நகரின் நடுவே டவுன்ரவுனில் இருந்த பல்கலைக்கழகமொன்றில் நெடுங்காலம் வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவர் என்று யாரோ சொன்னதிலிருந்து, எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் "புரொபசர்". ஏன் வெள்ளியில் மட்டும் வீடு கழுவுகிறீர்கள், ஏன் அன்றைக்கு மட்டும் மீன், இறைச்சி என்று "மச்சம்" எதுவும் சமைப்பதில்லை, விளக்கு எப்போது ஏற்றுவீர்கள் என்று லிஃப்டில் கண்ட போதெல்லாம் சிரித்தபடி கேட்பார். வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவள் நான் மட்டும் என்பதால் கேள்வி என்னிடம் வரும். பதில் வாய்க்கு வருமுன் அம்மாவின் கிள்ளு என் தோளுக்கு வரும்.

"உவ ஏன் உதெல்லாம் கேக்கிறா? ஆரோ கேட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கினம். ஊரில ஆமிக்காரனும் இப்பிடிச் சிரிச்சுச் சிரிச்சுத்தான் கேட்டவன்," என்பார் அம்மா. எனக்கும் அந்தச் சிரிப்பு பிடிக்காமல் போயிற்று, புரொபசர் தந்த சொக்கிலேற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தின்றேன்.

கடைசியில் அம்மா ஒரு காரியம் செய்தார். வீடு கழுவுவதையும் உடுப்புத் தோய்ச்சலையும் வியாழனுக்கு மாற்றினார், சாம்பிராணியை நிறுத்தினார், வெள்ளிக்கிழமை பின்னேரம் கதவைச் சற்றுத் திறந்து வைத்துக்கொண்டு, நடைவழி முழுக்க மணக்கும்படி மீன் பொரித்தார். பொரித்த மீனை அன்றைக்கு ஒருவரும் தொடவில்லை. மூடி வைத்துச் சனிக்கிழமை தின்றோம்.

இரண்டாவது வாரமே புரொபசர் வந்து கதவைத் தட்டினார். முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை. தான் கேட்டதால்தான் மீன் பொரித்தீர்களா என்றார். வாசலில் நின்றபடியே தன் தொழிலைச் சொன்னார். முன்னொரு காலத்தில் ஸ்பெயின் தேசத்தில் யூதர்களைக் கட்டாயப்படுத்தி மதம் மாற்றினார்களாம். ஒளித்துத் தங்கள் வழக்கத்தைக் காத்தவர்களை அயலவர்கள் காட்டிக் கொடுத்தார்களாம். வெள்ளி மாலை தொடங்கும் ஓய்வுநாளுக்குத் தோய்த்த உடுப்பு உடுத்தாள், சனிக்கிழமை அடுப்பு மூட்டவில்லை என்பதே குற்றம். பயந்துபோய்ச் சும்மா அடுப்பை மூட்டிப் புகை காட்டியவளைக்கூட விடவில்லை. அந்த அயலவர்களின் சாட்சியங்களை வாசிப்பதிலேயே தன் வாழ்க்கை கழிந்தது என்றார். அவருடைய தாய் தகப்பனும் ஐரோப்பாவில் இருந்து தப்பி வந்தவர்கள்தானாம்.

நான் தட்டுத்தடுமாறி மொழிபெயர்த்து முடித்ததும் அப்பா எழுந்தார். "எங்கட ஆக்களும் பறங்கி ஆண்டு எங்கட சமயத்தைத் தடுத்த காலத்தில விரதச் சாப்பாடு சாப்பிட்ட இலையைக் கூரையில செருகி ஒளிச்சவையள் எண்டு சொல்லு பிள்ளை."

சொன்னேன். புரொபசரின் கண் கலங்கிவிட்டது. எந்த ஊரில் என்று கேட்க வாயெடுத்தார்.

"உதையேன் இப்ப உவவுக்குச் சொல்லுறியள்?" என்றார் அம்மா.

அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அம்மா செய்வதுதான் சரி, தனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றார் புரொபசர். அதன் பிறகு அவர் எங்களிடம் குளிரைப் பற்றி மட்டுமே கதைத்தார். வாழ்நாள் முழுக்கக் கேள்வி கேட்டே பழகியவருக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று நினைக்க இப்போது மனம் வலிக்கிறது.

கேஸ் வென்றது. புரொபசர் இறந்து நெடுங்காலமாகிறது. நாங்கள் பக்கத்து நகரான பிக்கரிங்கில் சொந்த வீட்டில் இருக்கிறோம், அங்கே அயலவர் முகம் பார்ப்பதே அரிது. அம்மா இன்றும் வியாழக்கிழமைதான் வீடு கழுவுகிறார். சாம்பிராணி எங்கள் வீட்டை விட்டுப் போனது போனதுதான். போன மாதம் என் மகளிடம், இதெல்லாம் முன்பு வெள்ளிக்கிழமையில் நடந்தது என்று சொல்லி வைத்தேன். அவள் நேரே போய், "அம்மம்மா, ஏன் தேர்ஸ்டேக்கு மாத்தினனீங்கள்?" என்று கேட்டாள்.

அம்மா அவளை விட்டுவிட்டு, என்னைப் பார்த்துத் தணிந்த குரலில் கேட்டார்: "பிள்ளைக்கு ஏன் உதெல்லாம் சொல்லிக் குடுத்தனீ? பள்ளிக்கூடத்தில போய்க் கதைக்கப்போகுது."