டிக்கியில் போன முருகன்

திருத்தங்கலில் டயருக்குக் காற்றடிப்பவர் அவர். மீட்டரை எடுக்குமுன் கறுத்த கட்டைவிரலால் டயரை அழுத்தி, நாடி பார்ப்பவர்போலக் கண்ணை மூடிக்கொள்வார்.

மைலேஜே தராத காரை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று ஒருநாள் அவரிடம் புலம்பினேன். அழுத்திப் பார்த்துவிட்டு டிக்கியைத் திறக்கச் சொன்னார். உள்ளே, போன சீசனில் நான் அச்சடித்து விற்காமல்போன முருகன் காலண்டர்கள், கட்டுக்கட்டாக.

"சாமி படம்ண்ணே, குப்பையில போட மனசு வரல."

"டயர்ல காத்து கம்மி, டிக்கியில சாமி ஜாஸ்தி. அம்புட்டையும் சுமக்க விட்டுட்டு வண்டியப்போய் வையிறீகளே! இங்கன இறக்குங்க."

இறக்கினேன், காற்றும் நிரப்பினார். மைலேஜ் கூடியது. நான் பதமாக ஓட்டுவதால்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த தை மாதம் மறுபடி போனேன். டயரை அழுத்தியவர், கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "இந்த வருசம் எந்தச் சாமி?"