அரிசி மெல்லுகிறவர்

மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்லின் ஆள் அவர். காது மடலில்கூடத் தவிடு ஒட்டியிருக்கும். சட்டைப் பையிலிருந்து புழுங்கலரிசியை எடுத்து எந்நேரமும் மென்றுகொண்டிருப்பார். அவர் மென்று பார்க்காமல் ஒரு மூட்டையும் லாரி ஏறாது என்று மில்லில் பெருமையாகச் சொல்வார்கள்.

ஸ்ரீரங்கத்தில் என் இட்லிக் கடைக்கு அவர் ஏற்றிவிட்ட அரிசியில் மக்கிய நாற்றம். திருப்பி எடுக்கச் சொல்லியும் எடுக்கவில்லை. ஒப்பந்தத்தில் நான் போட்ட கையெழுத்தைக் காட்டி, மில்காரர்கள் அரிசிப் பணம் கேட்டு திருச்சி கோர்ட்டில் என்மேல் வழக்குப் போட்டார்கள். இந்த மாதிரி வழக்கில், நம் பக்கத்தைச் சொல்வதற்கே முதலில் கோர்ட்டில் அனுமதி வாங்க வேண்டுமாம். கிடைக்காவிட்டால் அவர்கள் கேட்டபடியே தீர்ப்பாகிவிடும். என் கடையும் போய்விடும்.

கோர்ட் வராந்தாவில் அவர் எதிரே உட்கார்ந்து மென்றார்.

"ஏம்மா, கடைக்கு வர்றவங்கள நிமிந்து பாக்கவே கூச்சப்படுவீங்க. ஜட்ஜ் முன்னாடி என்னத்தப் பேசப் போறீங்க? பேசாம வீட்டுக்குப் போங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வக்கீலிடம் காட்ட முந்தானையில் முடிந்து வந்த அரிசியை அவிழ்த்து அவர்முன் நீட்டினேன்.

"மெல்லுங்க."

மெல்லுவதை நிறுத்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சீ, இத யாராச்சும் வாயில வைப்பாங்களா?"

"நீங்க அனுப்புனதுதாங்க."

என் பக்கத்தைச் சொல்ல கோர்ட்டில் அனுமதி கிடைத்தது. வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா அவரும் வந்து எதிரே மென்றுகொண்டிருக்கிறார். என் மூட்டைகளை மட்டும் மெல்லாமல் ஏற்றினாரா, மென்றுவிட்டே ஏற்றினாரா?