பித்தத்துக்கு ரோஜா சர்பத்

மயிலாப்பூரில் டிராம் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. கண்டக்டரைத் திட்டித் தலைவலி வந்ததுதான் மிச்சம். எதிரே யூனானி வைத்தியம் பார்க்கும் ஹக்கீமின் கடையில் ஏறி உட்காருகிறேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு என் நாடியைப் பிடிக்கிறார்.

"உடம்புல ரத்தம், சளி, மஞ்சப் பித்தம், கரும்பித்தம்னு நாலு கீது. உங்களுக்கு மஞ்சப் பித்தம் பொங்கிக்கினு கீது. அதான் இவ்ளோ கோவம்."

"கோபத்துக்குக்கூட மருந்து உண்டா, சாகிப்?"

"ரோஜா சர்பத். குடிச்சா குளுந்துடுவீங்க" என்று கலக்குகிறார்.

அதற்குள் வாசலில் முறத்தில் காயும் ரோஜா இதழ்களில் ஓர் ஆடு வாய் வைக்கிறது. ஹக்கீம் செருப்பைத் தூக்கிக்கொண்டு, கத்திக்கொண்டே தெருமுனைவரை அதைத் துரத்துகிறார். மூச்சிரைக்கத் திரும்பியவர் தன் மணிக்கட்டைத் தானே பிடித்துப் பார்க்கிறார். பிறகு என் சர்பத்தை எடுத்து மடமடவென்று குடிக்கிறார்.

"உங்களுக்கு வேற கலக்குறேன். இது அவசரம்."